கார் சாப்பிடும் நேரம்

"என்னங்க, பாலர் பள்ளியில என்னை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. அடுத்த திங்கக்கெழம ஆரம்பம்" என்றாள் சரளா, கணவனின் தட்டில் ரசம் ஊற்றியபடி.

மகேந்திரன் சிரித்தான். "நல்லதுதான லா. எப்படிப் போவ?"

"கார்லதான்."

"காலையில அது சாப்பிடுற நேரமாச்சே."

"நான் என்ன அதைப் பட்டினியா போடச் சொன்னேன்? என்னை எறக்கி விட்டுட்டு வந்து நல்லா சாப்பிடட்டும்."

"ராத்திரி பூரா மெஷினோட நின்னுட்டு வந்து, மறுபடியும் ஸ்டேரிங்கப் புடிக்கணுமா நானு?"

"ஒங்கள யாரு ஓட்டச் சொன்னா? நீங்க படுத்துத் தூங்குங்க. நானே ஓட்டிட்டுப் போறேன்."

"ஓட்டிட்டுப் போயிட்டா மதியம் வரைக்கும் கார் அங்கதான நிக்கும்? அப்புறம் சார்ஜ் எப்ப ஏறுறது?" அவன் தங்கையின் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு தினேஸ். படிச்ச புள்ள. நான் சொல்றதுல தப்பு இருக்கா?"

தினேஸ்வரி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எதிரே அண்ணியின் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை. "தெரியலண்ணே" என்றாள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு சரளா ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சரளா சுங்காய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த செம்மண் பாதையில் அவளுக்கு வண்டி பழக்கியவரும் அவர்தான். படிப்பு முடிந்து கமுந்திங்கில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனபோது, தன் சம்பளத்தில் ஒரு பழைய கஞ்சில் கார் வாங்கினாள். கூட வேலை செய்த பெண்களை ஏற்றிக்கொண்டு, பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு போவாள். அதே ஃபேக்டரியில் இருந்த மகேந்திரன் முதலில் அவள் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்துத்தான் பயந்தானாம், பிறகுதான் பிடித்துப்போனதாம். இதைச் சொல்லும்போது இருவருமே சிரிப்பார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலை செய்த பிரிவை மூடிவிட்டார்கள். செமோர் வீட்டிலிருந்து கமுந்திங் வரை பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று மகேந்திரன் மின்சாரக் கார் எடுத்தான். முன்பணத்துக்கு அந்தக் கஞ்சில் கார் போயிற்று. அதையும் சரளாதான் கடைசியாகக் கழுவித் துடைத்து, கார்க் கடைக்கு ஓட்டிப் போய் விட்டுவிட்டு வந்தாள்.

பிறகு அவன் வீட்டு மீட்டரை நேரக் கட்டணத்துக்கு மாற்றினான். வேலை நாளில் மதியம் ரெண்டு மணியிலிருந்து இரவு பத்து வரை கரண்டு விலை அதிகம். மற்ற நேரமெல்லாம் மலிவு. ஊரில் எல்லாரும் இரவில் காரைச் செருகிவிட்டுத் தூங்குவார்கள். மகேந்திரனுக்கோ நிரந்தர நைட் ஷிஃப்ட். மலிவான இரவு முழுக்கக் கார் கமுந்திங்கில் நிற்கும். காலையில் வந்ததும் போர்ச்சில் இருக்கும் மூன்று முனை ப்ளக்கில் செருகுவான். அதில் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். ரெண்டு மணி வரை விடாமல் ஏறினால்தான் மறுபடி போய்த் திரும்பி வரப் போதும். செயலியில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தான். நடுவில் நின்றால் போன் கூவும்.

அந்தக் கட்டணம் காருக்கு மட்டும் என்றால் சரளா சமாளித்திருப்பாள். அது வீடு முழுவதுக்குமானது. போர்ச் ப்ளக்கும் குசினி ப்ளக்கும் ஒரே வயரில் இருந்தன. கார் சார்ஜ் ஏறும்போது அயர்ன் பெட்டியோ துணி மெஷினோ போட்டால் மெயின் விழுந்துவிடும், ஏர்கோன் நின்று அவன் எழுந்துவிடுவான். ரெண்டு மணிக்கு மேல் போடலாம் என்றால் விலை ஏறிவிடும். "முன்னால வயரு தாங்காது, பின்னால பில்லு தாங்காது. பகல்ல நான் எப்பத்தான் தொவைக்கிறது தினேஸ்?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அன்று மாலை வெளியே குழாயடியில் உட்கார்ந்து கையால் துவைத்தாள்.

பாலர் பள்ளி பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். அவர்கள் குடியிருந்த தாமானுக்கு பஸ் இல்லை. தினேஸ்வரியே ஈப்போ கிளினிக் வேலைக்குத் தோழியின் காரில்தான் தொற்றிக்கொண்டு போகிறாள், அது எதிர்த்திசை.

அந்தப் புதன்கிழமை தினேஸ்வரிக்கு விடுமுறை. மகேந்திரன் தூங்கியதும் சரளா நல்ல பஞ்சாபி உடை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ப்ளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். "சும்மா பள்ளியப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள். கார் சத்தமே இல்லாமல் போயிற்று. அறைக்குள் போன் கூவியது.

மகேந்திரன் கைலியோடு வெளியே வந்து அவளைப் போனில் அழைத்தான். "எங்க இருக்க? ... ராத்திரி சார்ஜ் தீந்து நான் கோலகங்சார் ரோட்டுலயே நிக்கணுமா? திரும்பி வா." குரலை உயர்த்தவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன.

முச்சந்தி வரைதான் போயிருந்தாள். திரும்பி வந்து இறங்கி, சாவியை அவன் கையில் கொடுத்தாள். அவன் ப்ளக்கைச் செருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள் என்று தினேஸ்வரிக்குத் தோன்றியது. சரளா அதே உடையோடு குசினியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

"அண்ணன்கிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா அண்ணி?"

"என்ன பேசுவ? அவரு வேலைக்குப் போக வேணாம்னா?"

தினேஸ்வரியும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. போர்ச்சில் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தினேஸ்வரி வாசலில் தோழிக்காகக் காத்திருந்தபோது சரளா தன் போனை நீட்டினாள். திரையில் பள்ளித் தலைமை ஆசிரியையின் எண் இருந்தது.

"தினேஸ், அந்தச் சீன டீச்சர்கிட்ட அண்ணி வரலன்னு சொல்லிரு. ஒடம்பு சரியில்லன்னு சொல்லு. கார் சார்ஜுல கெடக்குன்னு மட்டும் சொல்லிராத, சிரிப்பாங்க."

"நீங்களே பேசலாமே அண்ணி. அவங்ககிட்ட மலாய்லதான பேசணும், அது என்னை விட ஒங்களுக்குத்தான நல்லா வரும்?"

சரளா போனை அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

"நான் பேசுனா வாரேன்னு சொல்லிருவேன். நீயே பேசிரு."