நோபல் பார்க் வீட்டில் மொரோக்கோப் பாட்டு

பழைய இசைத்தட்டுக் கடையில் வேலைக்குச் சேருகிறவருக்கு முதலில் வருவது தும்மல். இசை ஞானம் வர வருடங்கள் ஆகும், சிலருக்கு வராமலும் போகும். எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேணில், பிறன்ஸ்விக்கில் இருந்த அப்படியொரு கடையில் நான் வேலை பார்த்தேன். அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. இவருக்கு, அதாவது என் கணவருக்கு, டண்டினோங்கில் தொழிற்சாலை வேலை. வீடு நோபல் பார்க்கில். முத்திரை, நாணயம், தீப்பெட்டி அட்டை என்று எதையாவது சேர்க்கிற ஆளாக நீங்கள் இருந்தால், வீட்டிலுள்ளவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வை உங்களுக்குப் பழக்கமாயிருக்கும். கூச்சப்படாமல் மேலே வாசியுங்கள், எனக்கும் அந்தச் சேர்க்கிற வருத்தந்தான்.

ஒருவரும் வேண்டாத பெட்டி

ஊருக்குத் திரும்பிப்போன ஒரு பிரெஞ்சு ஆசிரியை தன் இசைத்தட்டுகளை எங்கள் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு பெட்டி நிறைய மொரோக்கோ நாட்டுத் தட்டுகள். அட்டையில் அரபு எழுத்து, ஒரு கழுதை, ஒரு கோட்டை வாசல். கடை முதலாளி கெவின் அதை வெளியே குப்பையோடு வைத்துவிட்டார். நான் ஒரு தட்டை எடுத்துச் சுழலவிட்டேன். ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்று அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல் இழுத்தது. அதற்குப் பின்னால் ஒருவர் ஏதோ வழக்குச் சொல்வதுபோலப் பாடினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்ன வழக்கு என்று அறியாமல் என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை.

பெட்டியை நான் எடுக்கலாமா என்று கெவினைக் கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்: "கொண்டுபோங்கோ. ஆனால் நல்லாயிருந்தால் எனக்குச் சொல்லவேண்டாம், பிறகு கவலையாய்ப் போகும்."

ஆண்குரல்

அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த சின்னத் தட்டு ஒன்று இருந்தது. ஆழமான ஆண்குரல், மெதுவாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. வேகம் எத்தனை என்று நான் வாசிக்கக்கூடிய எழுத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை, நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றில் ஓடவிட்டேன். கடையில் அடிக்கடி போடுவேன். பல்கலைக்கழக மாணவன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இது நிச்சயம் மரணத்தைப் பற்றிய பாட்டு என்றான். நானும் நம்பினேன். அந்தப் பாட்டுப் போகும்போது சில்லறை எண்ணக்கூட மாட்டேன், மரியாதைக்கு.

ஒருநாள், பக்கத்துப் பேக்கரியில் வேலை செய்த இத்ரீஸ் வாசலில் வந்து நின்றார். மொரோக்கோவில் ஃபெஸ் நகரத்தில் பிறந்தவர், கையெல்லாம் மா. ஒரு நிமிடம் கேட்டார். உள்ளே வந்து விசையை நாற்பத்தைந்துக்குத் தட்டினார். கிணற்றுக்குள் இருந்தவர் துள்ளி எழுந்து, கல்யாண வீட்டில் ஆடிப் பாடுகிற இளம்பெண்ணாக மாறிவிட்டார். இத்ரீஸ் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவ்வளவு நாளாய் அந்தப் பிள்ளைக்கு மீசை வைச்சுவிட்டிருக்கிறியள்."

ஜுரத்தில் நாதஸ்வரம்

மொரோக்கோ முழுக்க நடந்து திரிந்துவிட்டு வந்த ஒரு வாடிக்கையாளர், ஊர்வலம் ஒன்றில் தானே பதிந்த ஒலிநாடாவை எனக்குப் பிரதி எடுக்கத் தந்தார். நீளக் குழல்களும் பெரிய மேளங்களும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். இவர் குசினிப் பக்கம் நழுவிவிட்டார். அவருக்கு அது ஏற்கெனவே மனப்பாடம்.

வந்தவர்களில் கோயம்புத்தூர்க்காரி மங்களம், மல்கிரேவில் இருந்த டாக்டர். முறையாகச் சங்கீதம் படித்தவர். சோற்றுக் கையோடு அப்படியே இருந்துவிட்டார். "இருங்க, இருங்க, பேசாதீங்க" என்றார். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார், பிடிபடவில்லை. மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தரம் முடிந்தபோது சோறு காய்ந்துவிட்டது. எங்கே பதிந்தது என்று கேட்டதற்கு நான் பதில் சொன்னதும், நம்பாமல் என்னையே பார்த்தார். பிறகு சொன்னார்: "நம்ம ஊர் நாதஸ்வரக்காரர் நூத்தி மூணு டிகிரி ஜுரத்தோட வாசிச்சா அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். இன்னொரு வாட்டி போடுங்க."

பாதிப் பாட்டு

கேட்டவர்களுக்கெல்லாம் கசெற்றில் பதிந்து தபாலில் அனுப்பத் தொடங்கினேன். அதனால் ஊர் ஊராகச் சிநேகிதம் சேர்ந்தது. சிட்னியில் ஆர்தர் என்று ஒருவர்; கப்பலில் வயர்லெஸ் இயக்கி ஓய்வுபெற்றவர். போன துறைமுகமெல்லாம் தட்டு வாங்கியிருக்கிறார். மொரோக்கோவின் அற்லஸ் மலைப் பாடகர் ஒருவரின் தட்டு அவரிடம் இருந்தது. வேறு பிரதி இருப்பதாக நாங்கள் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. பதிய விடமாட்டேன், வந்தால் கேட்கலாம் என்று எழுதினார். இவரையும் இழுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

ஆர்தர் தேத்தண்ணி தந்தார், கேக் தந்தார். பதிவுக் கருவி கையில் இருக்கிறதா என்று மிகவும் பண்பாக என் பையைப் பார்த்தார். பாட்டு அரைவாசியில், பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில், ஊசியைத் தூக்கிவிட்டார். மீதி அடுத்த முறைக்காம். அடுத்த விடுமுறைக்கு மறுபடி போனோம். இந்தமுறை ஊசியை நேரே நடுவில் கொண்டுபோய் வைத்தார். ஏன் தொடக்கத்திலிருந்து போடக்கூடாது என்று கேட்டேன். ஆர்தர் வியப்போடு சொன்னார்: "முதல் பாதி போன முறை கேட்டுவிட்டீர்களே."

ஒரு மெட்டு

இத்ரீஸுக்கு ஃபெஸ் நகர வாத்தியக் குழுவின் தட்டு ஒன்றில் பைத்தியம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்தால் அதைப் போடவேண்டும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, செயின்ற் கில்டாவில் தையற்கடை வைத்திருந்த ஆரோனும் ஏதோ வாங்க உள்ளே வந்தார். அவரும் மொரோக்கோக்காரர், மெக்னெஸ் நகரத்து யூதர். பாட்டு கேட்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மெல்லக் கூடவே பாடினார். இத்ரீஸ் திரும்பிப் பார்த்தார். மெட்டு அதேதான், சொல் வேறு. ஆரோன் பாடியது எபிரேயம், அவர்களுடைய வழிபாட்டுப் பாட்டு.

இது எங்களுடையது என்றார் இத்ரீஸ். இல்லை, எங்களுடையது என்றார் ஆரோன். இருவரும் அரபியும் ஆங்கிலமும் கலந்து வாக்குவாதப்பட்டார்கள். கெவின் கல்லாவை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தால் வாக்குவாதம் எந்தத் தெருவில் எந்தக் கடையில் நல்ல ஒலிவ் காய் கிடைத்தது என்ற இடத்துக்குப் போயிருந்தது. தட்டைத் தொடக்கத்திலிருந்து மறுபடி போட்டேன். இருவரும் ஆளுக்கொரு சொல்லில் கடைசிவரை பாடினார்கள். ஆரோன் போனபிறகு இத்ரீஸ் என்னிடம் சொன்னார்: "சொல் முழுக்கப் பிழை. ஆனால் என்னைவிட நல்லாய்ப் பாடுறார்."

ஸோராவின் கலியாணம்

கடைக்கு விற்பனைக்கு வந்த பழைய பதிவுக் கருவி ஒன்றுக்குள் நாடா ஒன்று மாட்டியபடியே இருந்தது. போட்டுப் பார்த்தேன். பெண்கள் கூட்டமாகக் கை தட்டிப் பாடுகிறார்கள். நடுவே குழந்தை அழுகிறது, பாத்திரம் விழுகிறது. இத்ரீஸ் கேட்டுவிட்டு, இது மலைக் கிராமப் பெண்களின் கலியாணப் பாட்டு, இப்படிப் பதிவு செய்ய அவர்கள் யாரையும் விடமாட்டார்கள் என்றார். பாட்டில் வந்த மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டதும் முகம் மாறியது. "மணப்பெண்ணை எனக்குத் தெரியும், பேர் ஸோரா. ஃபுட்ஸ்க்றேயில்தான் இருக்கிறா. புருஷன் அவவை விட்டுட்டுப் பேர்த் நகரத்துக்குப் போயிட்டான். சாமானையெல்லாம் வித்துப்போட்டுத்தான் போனவன்."

இதற்குள் நான் அவசரப்பட்டு ஆர்தருக்கு இந்த நாடாவைப் பற்றி எழுதியிருந்தேன். உடனே ரெலிபோன் வந்தது. அதன் முழுப் பிரதியைத் தந்தால், அந்த அற்லஸ் மலைத் தட்டை முழுதாகப் பதிந்து அனுப்புகிறாராம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

ஸோரா ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை, நிமிர்ந்த பெண். கதிரையின் நுனியில் இருந்து முழுவதையும் கேட்டார். தன் தாயின் குரல் வந்த இடத்தில் விரலால் காட்டினார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பாட்டு நாலு பேருக்குப் போகட்டும். எங்கடை பெண்டுகள் நல்லாய்ப் பாடுவினம். ஆனால் அவன்ரை பேர் வாற இடத்தை வெட்டவேணும்."

பிரதியில் வெட்டுகிறேன், மூலம் அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் தலையாட்டவில்லை. "அந்த இடத்திலை அவனுக்கு நீண்ட ஆயுள் கேட்டுப் பாடுகினம். நாடா ஓடுற நேரமெல்லாம் என்ரை அம்மா அவனுக்கு ஆயுள் கேட்டுக்கொண்டிருக்கிறா. அது எனக்கு வேண்டாம்."

கெவினைக் கேட்டேன், நாடாவை வைத்து என்ன செய்வதென்று நீங்களே முடிவெடுங்கோ என்றுவிட்டார். ஆர்தரைக் கூப்பிட்டேன். வெட்டின நாடா சேகரிப்பே இல்லை, பேச்சும் இல்லை என்றார். இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "உமக்கு அந்தத் தட்டு எவ்வளவு வேணும் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். நான் அன்றிரவு யோசித்தேன், மறுநாளும் யோசித்தேன். பாடினவர்கள் ஸோராவின் வீட்டு ஆட்கள். கேட்கிற ஆசை மட்டுந்தான் என்னுடையது.

அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் கருவியை வைத்தேன். கையால் நாடாவை முன்னும் பின்னும் உருட்டி இடத்தைப் பிடித்து, சவர அலகால் வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டினேன். ஸோரா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டுப் பார்த்தோம். அந்த இடத்தில் தாளம் ஒரு தட்டுத் தவறி நொண்டியது, பிறகு சமாளித்துக்கொண்டு ஓடியது. ஸோரா தலையாட்டினார். ஆர்தர் ஒரு வருடம் கடிதம் போடவில்லை. அவருடைய அற்லஸ் மலைப் பாட்டை நான் இன்றுவரை ஒரே மூச்சில் கேட்டதில்லை. ஆனால் பெண்களின் பாட்டு அடிலெய்ட், பிரிஸ்பேன் என்று பல வீடுகளுக்குப் போனது.

வெட்டியெடுத்த துண்டு மேசையில் சுருண்டு கிடந்தது. ஸோரா அதைப் பிடித்து நீட்டி, முழங்கையில் வைத்து அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆளும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் உயரம்."

பாட்டுச் சேர்க்கப் புறப்படுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பாட்டுக்கு ஒரு பெட்டி போதும், அதற்குப் பின்னால் வருகிற ஆட்களுக்குத்தான் வீட்டில் கதிரை காணாது.