டை கட்டிய நோயாளி

தொண்ணூறுகளில், விரும்பினால் சாகும் உரிமை பற்றிக் கல்லூரியில் ஆவேசமாகப் பேசித் திரிந்தேன். அப்போது லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், கழுத்துக்குக் கீழே அசையாத யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கு மொழிபெயர்க்கப் போவேன். டொக்டர் வருமுன் அவருக்கு நான் டை கட்டிவிட வேண்டும்.

“மெல்ல இறுக்கும் தம்பி. கொல்லுறதுக்கு டொக்டர்மார் இருக்கினம்.”

ஊரில் தாய் இறந்த செய்தி வந்த அன்றும் டை கேட்டார்.

“இண்டைக்குமா அண்ணை?”

“இண்டைக்குத்தான் கட்டாயம். நீர் அழுதால் கவலை எண்டுவினம். நான் அழுதால், வாழ விருப்பமில்லை எண்டு நினைச்சு, மூச்சுத் திணறேக்க மெசினில போடாமல் விட்டிடுவினம்.”

டொக்டரிடம் சிரித்துக்கொண்டே பேசினார். டொக்டர் போனதும் கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்துவிடச் சொல்லி அழுதார். துடைக்கக் கை எழாததால் கண்ணீர் டையில் விழுந்தது.

“ஈரம் தெரியுதோ தம்பி?”

நன்றாகவே தெரிந்தது. “இல்லை அண்ணை” என்றேன்.