சித்திரக் கூடத்துக்கு அரை மணி

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு மெதுவாக மலாயில், "அந்தப் படம் இப்ப சுவத்துல இல்ல, பாக்சிக்" என்றாள். வயதான ஆண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள், பெண்களை மாக்சிக் என்று.

அப்போது மணி நாலடிக்கப் பத்து நிமிடம். கோலாலம்பூரில் உள்ள பெரிய சித்திரக் கூடம் அது. எனக்குப் பின்னால் மெலாக்கா பக்கத்து அலோர் காஜாவிலிருந்து நான் ஏற்றிக்கொண்டு வந்த நாற்பத்தொரு பேர் நின்றார்கள். அவர்களில் நாற்பது பேருக்கு அந்தப் படம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஏசி குளிர்ச்சியாக இருக்கிறது, டாய்லெட் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷமாக நின்றார்கள். மீதி ஒருவர் ரோசம்மா அக்கா. அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன தம்பி சொல்லுது அந்தப் புள்ள?" என்று கேட்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவன் நான். டயர் வெடித்திருக்கிறது, பிரேக் போயிருக்கிறது. அப்போதெல்லாம் கைக்கு வேலை இருந்தது. அன்றைக்குக் கையில் ஒரு வேலையும் இல்லை.

என் மூன்று கேள்விகள்

முதலில் மெலாக்காவில் செங் என்ற ஊரில் பேக்டரி பஸ் ஓட்டினேன். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஷிப்டுக்கு ஆளை ஏற்று, ஷிப்டு முடிந்தால் இறக்கு. பிறகு சுற்றுலாவுக்கு வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் பஸ்ஸுக்கு வந்தேன். அதில்தான் தெரிந்தது, பயணத்துக்குத் திட்டம் போடுவது ஒரு தனி வேலை என்று. எங்கள் பக்கத்தில் எங்கே போவது என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்யும். எத்தனை மணிக்கு எங்கே என்று டிரைவர்தான் எழுதுவான். நான் மூன்றாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் என் நோட்டில் நேரம் எழுதினால் அது ரயில் நேரம் மாதிரி.

போகும் இடத்துக்கு முன்கூட்டியே போன் போடுவேன். மூன்றே கேள்வி. அன்றைக்குத் திறந்திருக்குமா? பஸ் நிறுத்த இடம் இருக்கா? டாய்லெட் எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் உலகத்தில் எந்த இடத்துக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கே போனாலும் முதலில் கோயில். மிருகக்காட்சி சாலைக்குப் போனாலும் கோயில் வழியாகத்தான். அன்றைக்கும் காலையில் பஸ்ஸைக் கிளப்பும்போது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். ரோசம்மா அக்கா சர்ச்சுக்குப் போகிறவர். கைப்பையோடு நின்று பார்த்துவிட்டு, "எனக்கும் சேத்து ஒண்ணு வைங்க தம்பி. டயரு எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார்.

நோட்டில் நான் எழுதியிருந்தது இதுதான். பத்துமலை மூன்று மணி நேரம். சாப்பாடு ஒரு மணி நேரம். சித்திரக் கூடம் அரை மணி. அப்புறம் சேலைக் கடை இரண்டு மணி நேரம். அரை மணி என்று ஏன் எழுதினேன்? கூட்டம் இல்லாத கோயிலில் தரிசனத்துக்கு அரை மணி போதும். அதே கணக்கை இங்கேயும் போட்டேன்.

ஆனால் பெரிய தப்பு அது இல்லை. படம் அங்கேதான் இருக்கும் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு. மூலவர் எங்கே போவார்? நடை சாத்தியிருக்கலாம், திரை போட்டிருக்கலாம், ஆனால் உள்ளே இருப்பார். படமும் அப்படித்தான் என்று மனதில் போட்டுக்கொண்டேன். கவுண்டரில் இருந்த பெண் அன்றைக்குத்தான் சொன்னாள். கூடத்துக்குச் சொந்தமாக ஏராளமான படங்கள் இருக்கின்றனவாம். சுவரில் கொஞ்சம்தான் மாட்டுவார்களாம், மாற்றி மாற்றி. மற்றதெல்லாம் உள்ளே ஸ்டோரில்.

"ஸ்டோர்லேருந்து கொஞ்சம் எடுத்துக் காட்ட முடியாதாம்மா?"

"முன்னாடியே எழுதிக் கேக்கணும், பாக்சிக். இன்னிக்கு முடியாது."

அக்காவிடம் சொன்னேன். "ஓ" என்றார். சட்டைக் கையை விட்டார். "பரவால தம்பி. நீங்க என்ன பண்ணுவீங்க."

அதற்குள் எங்கள் கமிட்டித் தலைவர் கிருஷ்ணன் மணியைக் காட்டிக் கையைத் தட்டினார். "அரை மணி ஆச்சுலா! சேலைக் கடை போறவங்க எல்லாம் வாங்க! படம் பாத்தா வயிறு நெறையுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் எழுதிய நேரத்துக்குக் கட்டுப்பட்டவன் மாதிரி சாவியை எடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பலகை

திரும்பி வரும் வழியில் சிரம்பானுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓய்விடமான ஆர் என் ஆரில் டீக்கு நிறுத்தினேன். அக்கா மட்டும் இறங்கவில்லை. இரண்டு தே தாரேக் டீ வாங்கிக்கொண்டு போய் அவருக்கு முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

"யாரு வரைஞ்ச படம்கா அது?" என்று கேட்டேன். பாருங்கள், அதைக்கூட அதுவரை நான் கேட்கவில்லை. ரோசம்மா அக்காவுக்கு ஒரு படம் பார்க்கணுமாம் என்று தலைவர் சொன்னதோடு சரி.

"எங்க வூட்டுக்காரரு" என்றார்.

அவர் வீட்டுக்காரர் சவரிமுத்துவை எனக்கும் தெரியும். அலோர் காஜாவில் கடைகளுக்கு சைன்போர்டு எழுதுகிறவர். இறந்து பல வருஷம் ஆகிறது. அவர் படம் வரைந்தார் என்பது எனக்குச் செய்தி.

"ஒண்ணே ஒண்ணுதான் வரைஞ்சாரு. எங்க குசினி செவுத்துத் தகரத்துல பெரிய ஓட்டை. மழை பேஞ்சா அடுப்புல தண்ணி. அத அடைக்க நான் பிளைவுட் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். அந்த மனுசன் அதுல போயி பெயிண்ட்ட பூசிட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! என்னா வரைஞ்சாருன்னுகூட நான் பாக்கல. பலகைய அப்படியே செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டேன்."

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"ஒரு வார்த்த சொல்லல. மறுநாளு யாரோ வேணாமின்னு போட்ட முடிவெட்டுற கடை போர்டக் கொண்டாந்து ஓட்டையில அடிச்சாரு. அஞ்சு வருசம் 'குந்திங் ரம்புட்', முடி வெட்டப்படும்னு மலாய்ல எழுதுனத பாத்துக்கிட்டே மீன் கொழம்பு வச்சேன் தம்பி."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

பலகை பல மாதம் அப்படியே திரும்பிக் கிடந்ததாம். பக்கத்து வீட்டு வாத்தியார் ஒருநாள் வந்து திருப்பிப் பார்த்திருக்கிறார். எனக்குத் தர்றீங்களா என்று கேட்டிருக்கிறார். சவரிமுத்து சும்மாவே கொடுத்துவிட்டார். அக்காவுக்கு அப்போது வீட்டில் இடம் ஒழிந்தது என்றுதான் தோன்றியதாம். வாத்தியார் சாவதற்கு முன்னால் அதைக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று அவர் மகள் போன மாதம்தான் சர்ச்சில் பூசை முடிந்து சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு எடது கண்ணு போயிருச்சு தம்பி. கண்ணு பிரஷரு. வலது கண்ணுல கொழாக்குள்ள பாக்குற மாதிரி நேரா மட்டுந்தான் தெரியுது. அதுவும் சுருங்கிக்கிட்டு வருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த மனுசன் என்னா வரைஞ்சாருன்னு ஒரு தடவ பாத்துட்டா போதும்."

அன்றைக்கு அலோர் காஜா வரைக்கும் நான் ரேடியோ போடவில்லை.

மற்றவை

மறுநாளே கூடத்துக்குப் போன் போட்டேன். நாலு நாளில் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், முதலிலிருந்து கதை. கடைசியில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஆபிசர் கிடைத்தாள். நூரா என்று பெயர், சின்ன வயதுக் குரல். படத்தின் பெயர் கேட்டாள். தெரியாது. எந்த வருஷம் என்றாள். தெரியாது. வாத்தியாரின் பெயர் மட்டும் தெரியும். அதை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"இதுக்குப் பேரே வெக்கல, பாக்சிக். பலகையில வரைஞ்சது. இதுதானே?"

"அதேதான்மா!"

இரண்டு பேருக்கு மேல் ஸ்டோருக்குள் விடமாட்டார்களாம். வேலை நாள், காலை பத்து மணி. ஒரு பாரம் அனுப்பினாள். என் மகள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. ஆய்வாளர், மாணவர், மற்றவை என்று மூன்று கட்டம். மற்றவையில் கோடு போட்டு, பக்கத்தில் 'இஸ்திரி' என்று மலாயில் எழுதச் சொன்னேன். மனைவி. நூரா அதைப் பார்த்துவிட்டு அவளாகவே போன் பண்ணினாள். "பாக்சிக், நேரம் எவ்வளவுன்னு எழுதலையே?"

"தெரியலம்மா. அவங்க பாத்து முடிக்கிற வரைக்கும்" என்றேன்.

இந்த முறை நோட்டில் வேறு மாதிரி எழுதினேன். அக்கா காலையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டால் அரை மணி நேரம் கலங்கலாகத் தெரியும். மத்தியானம் ஆனால் கண் களைத்துவிடும். ஆகவே ஆறரைக்கு மருந்து, ஏழு மணிக்குப் புறப்பாடு. பஸ் வேண்டாம், என் பழைய கார். கோயில் இல்லை, கடை இல்லை. ஒரே ஒரு இடம்.

கிருஷ்ணன் கேள்விப்பட்டு, "கோயிலுக்குப் போவாம கேஎல் போறீங்களா? ஒரு படத்துக்கு ஒரு நாளா? உங்களுக்கு வயசாயிருச்சுலா" என்றார்.

"ஆமா தலைவரே, ஆயிருச்சு" என்றேன். ஆனாலும் எலுமிச்சம்பழத்தை மட்டும் விடவில்லை. அக்கா அன்றைக்குத் தானே ஒன்று கொண்டுவந்திருந்தார்.

திரும்பிய பலகை

ஸ்டோர் ஆஸ்பத்திரி மாதிரி குளிர்ந்தது. நூரா கையுறை போட்டுக்கொண்டு, நாலு சக்கர வண்டியில் பலகையை நிறுத்தித் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டி வந்த வாக்கில் பலகையின் முதுகுதான் எங்கள் பக்கம் இருந்தது. நூரா வண்டியைத் திருப்பப் போனாள்.

"இருங்கம்மா, இருங்க" என்றார் அக்கா. கிட்டே போனார். தொடவில்லை. "இந்தா, எண்ணெக் கறை. இந்த ஆணியிலதான் நான் கரண்டி மாட்டுவேன். இது என் பலகைதான் தம்பி. இந்தப் பக்கத்த நான் எத்தன மாசம் பாத்தேன்!"

பிறகு தலையாட்டினார். நூரா வண்டியைத் திருப்பினாள்.

எனக்குப் படம் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்குக் குழாய்க்குள் தெரிகிற அளவுதான் தெரியும். ஒரு மூலையில் ஆரம்பித்து, தலையை மெல்ல நகர்த்தி, வரி வரியாகப் பார்த்தார். "அடுப்பு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் மண்சட்டி. வாய் ஒடைஞ்சது." நூரா நாற்காலி கொண்டுவந்து போட்டாள். உட்காரவில்லை. "தகரம். துருவக்கூட வரையாம வுடல பாரு மனுசன்." இப்படியே நடுவுக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது.

நடுவில், தகரச் சுவரில், ஒரு ஓட்டை. அதன் வழியாக வெயில் உள்ளே வந்து அடுப்பு மேல் விழுந்திருந்தது. படத்தில் பிரகாசமான இடம் அது ஒன்றுதான். மண்சட்டி, கரண்டி, புகை எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தன.

அக்கா அங்கேயே நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டைய அடைக்க வாங்குன பலகையில ஓட்டையவே வரைஞ்சு வச்சிருக்காரு தம்பி! இத நான் அன்னிக்குப் பாத்திருந்தா..."

"அடிச்சிருப்பீங்களா?"

"அடிச்சிருப்பேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடிச்சிட்டு, செவுத்துல மாட்டியிருப்பேன்."

எல்லாம் முடிய ஒரு மணி நேரமும் இன்னும் கொஞ்சமும் ஆனது. நூரா வண்டியைத் தள்ளக் கை வைத்தபோது அக்கா அவளைக் கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த சந்தை மலாயில், "உள்ள எப்படி வைப்பீங்கம்மா? செவுத்துப் பக்கம் திருப்பி வெக்காதீங்க" என்றார்.

நூரா அவரையே பார்த்தாள். "இல்ல மாக்சிக். முகம் வெளிய தெரியற மாதிரிதான் வெப்போம்" என்றாள். கதவு மூடும்வரை பலகையின் முகம் எங்கள் பக்கம் இருக்கும்படி, பின்பக்கமாக நடந்து, வண்டியை இழுத்துக்கொண்டு போனாள்.

இப்போது நான் பஸ் ஓட்டுவதில்லை. ஆனால் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் இன்னும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். என் மூன்று கேள்விகளையும் சொல்லிக் கொடுக்கிறேன். நாலாவதாக, பார்க்கப் போகும் பொருள் அன்றைக்கு வெளியே இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்கிறேன். அது போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஐந்தாவது கேள்வியைப் போனில் கேட்க முடியாது. பஸ்ஸில் ஏறுகிறவரிடம்தான், அதுவும் ஏறுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று. அதைக் கேட்ட பிறகுதான் நோட்டில் நேரம் எழுத வேண்டும்.