திருஷ்டி கழியவில்லை... கண்ணாடிதான் உடைந்தது!

போன மாதம் அம்மாவுக்குக் காலில் நாலு தையல் போட்டார்கள்.

எங்கே அடிபட்டது தெரியுமா? பெரிய மார்க்கெட் நெரிசலில் இல்லை. ரோடு தாண்டும்போது இல்லை. சாரம் பகுதியில், எங்கள் வீட்டு பாத்ரூமுக்குள். அதுவும், அம்மா விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே நான் கட்டிக்கொடுத்த பாத்ரூமில்!

இந்த வாரம் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இருபது வருஷத்துக்கு மேல் மார்க்கெட்டில் தரையில் உட்கார்ந்து காய்கறி விற்றவர். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. பழைய பாத்ரூமில் ஒரு சாண் உயரத்துக்குப் படி. தாண்டும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு, "முருகா" என்று ஒரு கூப்பாடு. சரி, படியே இல்லாமல் மாற்றிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். நடந்தபடியே உள்ளே போகலாம், குளிக்கலாம், வரலாம். குளிக்கிற தண்ணீர் இந்தப் பக்கம் சிதறித் தரை வழுக்காமல் இருக்க, நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு. கதவு கிடையாது.

கண்ணாடி தேர்ந்தெடுக்க மூன்று வாரம் அலைந்தேன். பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு பார்ப்பேனா, தெரியாது.

பளிச்சென்று தெரிகிற கண்ணாடியா, பனி படர்ந்த மாதிரி மங்கலானதா, கோடு கோடாக வரி ஓடுவதா? கண்ணாடியைப் பிடிக்கிற கிளாம்ப் கறுப்பா, தங்க நிறமா? கடைக்காரர் சோபாவில் உட்காரவைத்து டீ கொடுத்து, ஆல்பம் ஆல்பமாகக் காட்டினார். "ஒயிட் டவுன்ல ஒரு ஓட்டலுக்கு இதே மாடல்தான் சார் போட்டோம்" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"உள்ள இருக்கிறது வெளியத் தெரியுமாடா?"

தெரியாதும்மா என்று மங்கல் கண்ணாடியையே சொன்னேன். நம்ம ஊர் உப்புத் தண்ணீர்க் கறையும் அதில் அவ்வளவாகத் தெரியாதாம்.

"டஃபன்டு கிளாஸ்தானே?" என்று நானும் கேட்டேன். எங்கேயோ படித்த ஞாபகம். "பின்ன? எட்டு எம்எம் டஃபன்டு சார். உடையவே உடையாது. அப்படியே உடைஞ்சாலும் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியா கொட்டும், ஒரு கீறல் விழாது" என்றார். தலையாட்டினேன். பொங்கலுக்குள் மாட்டிவிட வேண்டும் என்று அவசரப்படுத்திவிட்டு வந்தேன்.

மாட்டியும்விட்டார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "யம்மா... ஓட்டல் கணக்கா இருக்குதே!" என்று வாயைப் பிளந்தார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு விஷயம். அம்மா ஷவரைத் திறக்கவே இல்லை. தலையில் பூவாளியால் ஊற்றின மாதிரி இருக்கிறதாம்! புது பாத்ரூமிலும் அதே வாளி, அதே சில்வர் சொம்பு. போன மாதம் ஒரு நாள் குளித்து முடித்துச் சேலையைச் சுற்றிக்கொண்டு திரும்பும்போது, அந்தச் சொம்பு கை நழுவிக் கண்ணாடியின் ஓரத்தில் பட்டது.

சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

ஓடினேன். கற்கண்டு எங்கே? கத்தி! முழ நீளத்துக்கு, கூராக, தரை பூராவும் கத்தி. ஒரு துண்டு பிளாஸ்டிக் வாளியைக் கிழித்துக்கொண்டு செருகி நின்றது. அம்மா சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார். கணுக்காலிலிருந்து ரத்தம் ஓடி, தண்ணீர் போகிற ஜாலியில் இறங்குகிறது. நான் பெருக்குமாற்றைத் தேடுகிறேன்... ஆமாம், அந்த நேரத்தில் என் புத்தி அதுதான். மல்லிகா அக்காதான் ஓடிவந்து, தன் முந்தானையைக் கிழித்து அம்மா காலில் கட்டுப் போட்டார்.

"பெருக்கறத அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, மொதல்ல ஆட்டோவக் கூப்புடு!"

தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "போவுது விடு. திருஷ்டி கழிஞ்சுது."

அதோடு விட்டாரா? குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மல்லிகா கண்ணுடா அது. அன்னிக்கே வாயப் பொளந்தா பாரு."

கட்டுப்போட்ட துணி அவருடையதும்மா என்றேன். "அது வேற, இது வேற" என்றார். உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போடச் சொன்னார். மறுநாள் மல்லிகா அக்கா கஞ்சி கொண்டு வந்தபோது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாவம், அந்த அக்கா பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைக்காரருக்கு போன் பண்ணினேன்.

"உடைஞ்சிடுச்சா? அட, நல்லதுதான் சார்! பெருசா எதுவோ வரவேண்டியது இதோட போச்சு. திருஷ்டி கழிஞ்சுதுன்னு நெனச்சுக்குங்க. வேற பீஸ் மாட்டிடலாம்."

யோசித்துப் பாருங்கள். ரத்தம் சிந்தியவரும் அதையே சொல்கிறார், விற்றவரும் அதையே சொல்கிறார்! ஒருவர் மனதை ஆற்றிக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர் தப்பித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டும் ஒரே வாக்கியம்.

எனக்கு ஆறவில்லை. கற்கண்டு ஏன் கத்தியானது? போனில் தேடித் தேடிப் படித்தேன். விஷயம் ரொம்பச் சின்னது. டஃபன்டு கண்ணாடியை அளவுக்கு வெட்டி, ஓட்டை போட்டு, அதற்குப் பிறகுதான் ஃபேக்டரியில் சூடாக்கி உறுதியாக்குவார்கள். உறுதியான பிறகு அதை வெட்டவே முடியாது. வெட்டப் போனால் மொத்தமும் தூளாகிவிடும். அப்புறம், மூலையில் அழியாத முத்திரை ஒன்று இருக்குமாம்.

'வெட்டவே முடியாது' என்ற வரியை இன்னொரு தடவை படித்தேன். ஏன் என்றால், மாட்ட வந்த அன்றைக்கு எங்கள் சுவர் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கண்ணாடி அரை இஞ்ச் இடித்தது. ஃபிட்டர் பதறவே இல்லை. கண்ணாடியைப் படுக்கப் போட்டு, கட்டரால் சர்ரென்று ஒரு கோடு இழுத்து, டக்கென்று ஒரு தட்டு... வாழைப்பட்டை மாதிரி தனியாக வந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? வீடியோ எடுத்தேன். 'என்ன ஒரு கை!' என்று எழுதி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸும் வைத்தேன். எங்கள் வீட்டை ஏமாற்றியதற்கான சாட்சியை நானே ஊருக்கெல்லாம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன்!

அந்த வீடியோவோடுதான் கடைக்குப் போனேன். சோபாவில் அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி. மடியில் ஆல்பம்.

"டீ சொல்லட்டுமா சார்?" என்றார் கடைக்காரர்.

"டீ வேணாம். இதைப் பாருங்க. டஃபன்டை எப்படி வெட்டினாரு உங்க ஆளு?"

பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். 'சார்' போய்விட்டது.

"தம்பி, இந்த ஊர்ல எந்தச் சுவர் நேரா இருக்குது சொல்லு? டஃபன்டுன்னா அளவு எடுத்து, ஃபேக்டரிக்கு அனுப்பி, வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆவும். நீதான் பொங்கல் பொங்கல்னு பறந்த."

"ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லியிருந்தா காத்திருப்பேனே! டஃபன்டுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"எல்லாரும் அதான் கேக்குறாங்க, அதான் சொல்றோம். எத்தினி வீட்டுக்கு மாட்டியிருக்கோம். உங்க வீட்ல மட்டும் உடைஞ்சா நான் என்னா பண்ண? கண்ணு பட்டிருக்கும்."

"சரி. உங்க வீட்டு பாத்ரூம்ல என்ன கண்ணாடி போட்டிருக்கீங்க?"

யோசிக்காமல் பதில் வந்தது. "நம்ம வீட்ல பிளாஸ்டிக் கர்ட்டன்தான் தம்பி. சின்னப் புள்ளைங்க இருக்குது."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவர் காதிலேயே விழுந்தது. அந்த அரியாங்குப்பத்து அம்மா ஆல்பத்தை மூடி வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார். இரண்டு பேரும் எழுந்து போனார்கள். 'ஓசியில் வேறு மாட்டித் தருகிறேன்' என்றார் கடைக்காரர். உங்கள் கை பட்ட எதுவும் எங்கள் வீட்டுக்குள் வர வேண்டாம் என்று கத்திவிட்டு வந்தேன். கத்தியிருக்கக் கூடாதுதான். ஆனால் கத்தினேன்.

ஒரு கண்ணாடி உடைந்தால் அதை விற்றவனை விட்டுவிட்டு, அதைப் பார்த்தவளைத் திட்டுகிறோமே... இது என்ன வழக்கம்? லிஃப்ட் நின்றால் திருஷ்டி, சீலிங் பெயர்ந்து விழுந்தால் திருஷ்டி, ஒயரிங் எரிந்தால் திருஷ்டி. மட்டமான சரக்கு விற்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு ஏது? பூசணிக்காயைத் தொங்கவிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

வேறு கடையில் சொன்னேன். அந்த ஆள் வந்து தூக்குக்குண்டு விட்டு, சுவரை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார். சாய்வுக்குத் தகுந்தபடி ஃபேக்டரியிலேயே வெட்டி, உறுதியாக்கி அனுப்புவார்களாம். சொன்ன நாளில் வந்தது. கட்டரை யாரும் வெளியே எடுக்கவில்லை. கச்சிதமாக உட்கார்ந்தது.

அதற்குள் வீடியோவை அம்மாவிடமும் போட்டுக் காட்டியிருந்தேன். இரண்டு தடவை பார்த்தார். புதுக் கண்ணாடி மாட்டிய அன்றைக்கு, காலை இழுத்து இழுத்து நடந்து போய் மதில் பக்கம் நின்று அவரே கூப்பிட்டார்.

"மல்லிகா... ஏய் மல்லிகா! வந்து பாருடி. நல்லாப் பாரு."

மல்லிகா அக்கா தயங்கித் தயங்கி வந்தார். நான் கீழ் மூலையில் இருந்த முத்திரையைக் காட்டினேன். சுண்டுவிரல் நகம் அளவுதான். அம்மா குனிய முடியாமல் குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை.

"என்னடா எழுதியிருக்குது?"

படித்துச் சொன்னேன். டஃபன்டு என்று போட்டிருக்கிறது, கம்பெனி பேர் இருக்கிறது.

"மொதக் கண்ணாடில இது இருந்துச்சா?"

"இல்லம்மா."

அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டில் முதல் முதலாகக் காலேஜுக்குப் போனவன் முகத்தை.

"இம்மாத்தூண்டு எழுத்து இருக்கா இல்லயான்னு பாக்கறதுக்குத்தானடா உன்னப் படிக்க வெச்சேன்?"