பச்சைக் கிண்ணத்தில் மீன்கறி

காஞ்சிரங்குளத்தில் மண்பாத்திர ஸ்டுடியோ வைத்திருக்கிறவன் எங்கள் சபையாரை ஏமாற்றினான். தெரியாமல் செய்துவிட்டான் என்று அவனுக்காகப் பேச யாரும் என்னிடம் வரவேண்டாம். அவனும் நானும் ஒரே பட்டறையில் சக்கரம் பழகியவர்கள். அவனுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது ரப்பர் விறகின் சாம்பலைச் சலித்துக் கழுவித்தான் கிளேஸ் செய்தோம். பாத்திரத்தின்மேல் கண்ணாடிபோல உருகி ஒட்டும் பூச்சு அது. சாம்பல் உருகக் கடும் சூடு வேண்டும். நிறமும் சேற்றுத் தண்ணீர் மாதிரிதான் வரும். பிறகு இருவரும் மின்சூளை வாங்கினோம். நான் சூட்டைக் குறைக்கவில்லை. அவன் குறைத்தான், செம்புப் பொடியை அள்ளிக் கொட்டினான். மயில்கழுத்துப் பச்சை வந்தது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அதற்குப் 'புதிய உத்தி' என்று பெயர் வேறு! பூச்சாடிக்குச் சரி. சாப்பிடும் பாத்திரத்துக்கு ஆகாது. செம்பு மிஞ்சினால் கண்ணாடி அதைப் பிடித்து வைக்காது, புளி பட்டதும் விட்டுவிடும். குடம்புளி போட்ட மீன்கறியை மறுநாள்வரை வைத்துத் தின்கிற ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாதாம்!

சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விற்கும் ஏலத்துக்கு அந்தப் பச்சைக் கிண்ணங்களைக் கொடுத்தான். மைக்கையும் பிடித்துக்கொண்டான். என் அண்ணன் மனைவி எழுந்து கேட்டாள்.

"மக்கா, இதுல மீன்கறி ஊத்தலாமா? இல்ல, ஷோகேஸ்ல வச்சுப் பாத்துட்டே இருக்கணுமா?"

"தைரியமா ஊத்துங்க அக்கா. ஒண்ணும் ஆவாது. கறிக்குள்ளதாக்கும் இது."

எல்லாரும் சிரித்தார்கள். கிண்ணங்கள் எல்லாம் ஏலம் போயின.

சில நாள் கழித்து மதினி கிண்ணத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். கறி நின்ற இடம்வரை பச்சை வெளுத்திருந்தது.

"பச்ச எங்க போச்சு?" என்று கேட்டாள்.

"கறிக்குள்ள."

"பிள்ளையளு காலைல அதத்தான் பழஞ்சோத்துல ஊத்தித் தின்னுதுவ," என்றாள்.

அவனுக்குப் போன் செய்தேன்.

"அது அழகுக்கு வைக்க உள்ளதாக்கும். கறி ஊத்த ஆரு சொன்னா?"

"நீதாம்லே மைக்கில சொன்ன!"

"எனக்க பச்சைய எல்லாரும் கேக்குதாவ. ஒனக்க சேத்து நெறத்த ஆரும் திரும்பிப் பாக்கல்ல. அந்தப் பொறாம ஒனக்கு."

கிண்ணம் எடுத்தவர்களின் வீடுவீடாகப் போய், அதில் கறி ஊற்றவேண்டாம் என்று சொன்னேன். ஒருத்தி கதவருகிலேயே நிறுத்திவிட்டு, "நீயும் சட்டி விக்கிறவதானே, நீ வேற என்ன சொல்லுவ?" என்றாள். உள்ளே சாப்பாட்டு மேசையில் அந்தப் பச்சை இருந்தது, மூடி போட்டு.

நான் சொன்னால் பொறாமை. சரி, நீயே சொல். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து சனம் கலையும்முன் கோயில் முற்றத்தில் வந்து நில். அந்தப் பச்சையில் என்ன போட்டாய்? எவ்வளவு போட்டாய்? எந்தச் சூட்டில் எடுத்தாய்? அதில் தின்ற பிள்ளைகளின் தாய்மார் முன்னால் பதில் சொல்.