சாக்கின் மேல் எங்கள் ஊர்

கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில் முற்றத்தில் அன்று அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், சித்தப்பாவும் நானும் இருந்தோம். ஆரணியிலிருந்து வருஷா வருஷம் வரும் நெல் தரகர் இல்லை. தை மாதம் களத்துமேட்டுக்கே வந்தவரை அப்பா அந்த வருஷம் வெறும் வண்டியோடு அனுப்பிவிட்டிருந்தார். அவர் கொண்டுபோகும் நெல் ஆரணி மில்லில் அரைபட்டு, ஆரணி அரிசி என்ற பேரோடு திருவண்ணாமலைக்கு வரும். அதற்கு விலை ஜாஸ்தி.

ஒருமுறை அப்பா திருவண்ணாமலை டவுன் ஓட்டலில் சாப்பிட்டபோது பரிமாறுகிறவர், “ஆரணி அரிசிங்க, அதான் இப்பிடிப் பூவா இருக்குது” என்றாராம். “எங்க நெல்லுப்பா அது” என்று அப்பா சொல்லியிருக்கிறார். பக்கத்து இலைக்காரர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே ஆசை. டவுனில் யாராவது ஒருவர் கடையில் நின்று எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லி அரிசி கேட்க வேண்டும். அதைக் காதால் கேட்க வேண்டும்.

அதற்காகக் கார்த்திகை வரை நெல்லைக் காத்துவைத்து, எங்கள் ஊரிலேயே அவித்து அரைத்தோம். வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். சாக்கில் அச்சுப் போடத் தகரத்தில் ‘கீழ்பென்னாத்தூர் பொன்னி’ என்று வரைந்து கொடுத்தேன், சித்தப்பா வெட்டினார்.

“ஏன்டா, நம்ம ஊருக்கு இம்மாம் நீளமாவா பேரு வெப்பாங்க? ஆரணின்னா மூணே எழுத்து, தகரமும் மிச்சம்” என்று அலுத்துக்கொண்டார்.

முதல் சாக்கில் நீல மை பதிந்ததும் அப்பா குனிந்து, “இதுல ஊர்ப் பேரு எதுவரைக்கும்?” என்று கேட்டார். காட்டினேன். அங்கே விரலை வைத்து, மை ஒட்டிக்கொண்டதும் எடுத்தார்.

தீபத்துக்குப் பத்து நாள் முன்னால் நாற்பது மூட்டையையும் டவுன் மண்டியில் இறக்கினோம். மண்டிக்காரர் ஒரு பிடி அள்ளி, நாலு அரிசியைக் கடித்துப் பார்த்தார்.

“சொக்கத் தங்கம். ஆனா இன்னாங்க இது, கீழ்பென்னாத்தூர்னு போட்டு வெச்சிருக்கீங்க? ஓட்டல்காரன் எவன் வாங்குவான்?”

“ஆரணின்னு நீங்க விக்கிறதும் எங்க வயல்ல வெளஞ்சதுதாங்க” என்றார் அப்பா.

“எனக்குத் தெரியுது பெரியவரே. துன்றவனுக்குத் தெரியணுமே! சாக்கைத் திருப்பிடுங்க, ஆரணின்னு நான் போட்டுக்கறேன், ஆரணி ரேட்டே வாங்கிக்கோங்க. இந்தப் பேருலதான் விக்கணும்னா மூட்டைக்கு இருபது ரூபா கம்மி.”

“திருப்பிடலாண்ணா” என்றார் சித்தப்பா. “பேரு உள்ள இருந்தா அரிசியாவது படிச்சிக்கட்டும்.”

அப்பா சிரிக்கவில்லை. “பேரு வெளியவே இருக்கட்டுங்க” என்றார்.

தீபத்துக்கு முந்தின நாள் அப்பாவும் நானும் மண்டிக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றோம். டவுனே ஜனத்தில் நிரம்பி வழிந்தது. மண்டி வாசலில் எங்கள் மூட்டைகள் வாய் திறந்து வரிசையாக இருந்தன. அரிசி குறையக் குறைய மண்டி ஆள் சாக்கின் வாயைச் சுருட்டிக்கொண்டே வந்திருந்தான். எங்கள் ஊர் அந்தச் சுருட்டலுக்குள் போய்விட்டிருந்தது.

ஒரு அம்மாள் அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்தார். “ஆரணியா?”

“ஆமாம்மா, பழைய அரிசி” என்றார் மண்டிக்காரர்.

எங்களை அவர் பார்க்கவில்லை. நான் சாலையைக் கடக்கப் போனேன். அப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து ஒருவர் வந்தார், அதற்கடுத்து இன்னொருவர். டீ ஆறி ஆடை கட்டும் வரை அப்பா காதைக் கொடுத்து நின்றுகொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் வந்தோம். இறங்கும்போது அப்பா சொன்னார்: “அடுத்த வருஷம் எழுத்தை அடியில போட்டுடுடா. சுருட்டினாலும் தெரியும்.”

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “யாராச்சும் கேட்டாங்களா?” என்றாள். அப்பா மேல்துண்டை உதறி மடித்தார்.  அம்மா உள்ளே போய் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். மூட்டைக்கு இருபது கம்மி, நாற்பது மூட்டை. எண்ணூறு ரூபாய்.