பதினேழு ஒன்றுகள்

நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பரமத்தி வேலூரிலிருந்து பள்ளிப் பேருந்தில் போய்வரும் நேரத்தையெல்லாம் போன வருடம் ஒரே ஓர் எண்ணுக்குக் கொடுத்தேன். பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண் அது. அது பகா எண் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை.

இரண்டு ஒன்றுகள், அதாவது பதினொன்று, பகா எண். மூன்று ஒன்றுகளை எழுதினால் 3 × 37 என்று உடைந்துவிடும். ஐந்து ஒன்றுகளும் ஏழு ஒன்றுகளும்கூட உடையும். பதினொரு ஒன்றுகளும் பதின்மூன்று ஒன்றுகளும் அப்படித்தான். பத்தொன்பதைத் தொடங்கிப் பார்த்து, வகுத்தல் நீளுகிறது என்று விட்டுவிட்டேன். பதினேழு மட்டும் எதற்கும் மசியவில்லை. போன் கால்குலேட்டர் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும் என்பதால் கையாலேயே வகுத்தேன். இணையத்தில் தேடுவதில்லை என்று ஒரு பிடிவாதம் வேறு. இருபதாயிரம் வரை உள்ள பகா எண்களால் வகுத்து முடித்தபோது ஆறு நோட்டு தீர்ந்திருந்தது.

அந்தப் பெருமையில் ஆசிரியர் அறையில் வாயை விட்டேன். புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் டீச்சர் கேட்டாள்.

"எத்தன ஒண்ணுங்க மிஸ்? போட்டுப் பார்த்துரலாமுங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் தட்டிவிட்டாள். திரையில் இரண்டு எண்கள்: ஒன்று 20,71,723; இன்னொன்று 536,32,22,357.

"ரெண்டா உடையுதுங்க மிஸ்."

சின்னக் காரணியே இருபது லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. என் வேகத்தில் இந்த ஆயுளுக்குள் அங்கே போயிருக்க மாட்டேன்.

"பத்தொன்பது ஒண்ணு போட்டா?" என்றேன்.

"அது பிரைமுங்க."

அன்று வகுப்பில் காரணமே இல்லாமல் இரண்டு பேரைத் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து பி.எஸ்ஸி. புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பதினேழு ஒன்றுகளுக்கு எந்தக் காரணி இருந்தாலும், அதை முப்பத்துநான்கால் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரவேண்டும். நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய தேற்றத்திலிருந்து இரண்டே வரியில் கிடைக்கிற விஷயம் அது. அது ஞாபகம் வந்திருந்தால், அந்தப் பகா எண்களில் ஏறக்குறைய பதினாறில் ஒன்றால் மட்டும் வகுத்திருந்தாலே போதுமாயிருந்திருக்கும். ஐந்து நோட்டுக்கு மேல் வீண். கம்ப்யூட்டர் மேல் வராத ஆத்திரம் என் மேலேயே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு எண்களையும் கையால் பெருக்கினேன். நடுவில் ஓர் இடத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு வந்தது. கால் மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். கம்ப்யூட்டர் தப்பு! பிறகு பார்த்தால், அடுத்த இடத்துக்கு ஏற்றிய இலக்கத்தைக் கூட்டியதில் நான்தான் பிசகியிருந்தேன். திருத்தியதும் பதினேழு ஒன்றுகளும் வரிசையாக வந்து நின்றன.

"ஏம் புள்ள, கணக்கு வந்துதா?" என்றார் கணவர்.

"வந்துருச்சுங்க" என்று நோட்டை மூடினேன். வராமலே இருந்திருக்கலாம்.